பள்ளத்துக்கு அந்தாண்ட மொட்டை

அலோ... அலோ... ஆமாங்க, காவலூர் போஸ்டாபீசுதான்... ஆமா, ஆமா, பட்டணத்துக்கு பி.பி. கால் போட்டது நான்தாம்மா. சடையன்... பேசறது என் சம்சாரத்தோட. பாஞ்சாலை. லத்தீப் பாய் மளிகைக் கடை நம்பரு... இன்னாது, ஆளு அங்கயே கீதா? குடும்மா, குடும்மா, உனக்குக் கோடி புண்ணியம்.

அலோ... யாரு, பாயா? சலாம் பாய், சலாம்... ஆமா, ஆமா, ஜவ்வாது மலை சடையன்தான். கரடிக்கு அப்பன்காரன்... இன்னா பாய், சிரிக்க மாட்றீங்க? குரல் வேற கம்மிக் கீது. ஜலதோசமா?... சரி, சரி. அவ எப்ப வந்தா?... காலைலேர்ந்தா? காலைலேர்ந்து உங்க கடையிலயா உக்காந்துனு கீறா? இன்னைக்கு ஜூவுக்குப் போவலியா?... ஆங், சரி, அவளையே கேட்டுக்கறேன். குடுங்க.

பாஞ்சால... அலோ... பாஞ்சால... பேசுமே. வளையல் சத்தம் கேக்குது, மூச்சு வுடறது கேக்குது, பேச்சு மட்டும் வரல. பேச்சுக்குன்னு தனியா ஒரு கம்பி இழுக்கணுமோ இன்னமோ... ஆங், கேட்டுச்சு, கேட்டுச்சு. 'ம்'முன்னியே, அது வந்து சேந்துடுச்சு. நூத்தம்பது மைலு தாண்டி வந்துருக்குது பாரு உன்னோட ஒத்த 'ம்'மு.

நல்லாக் கீறியா?... காந்தா நல்லாக் கீறாளா? இத்தினி நாளு அக்காவ வெச்சிச் சோறு போடறா, எனக்கு உன் தங்கச்சி மேல மரியாத கூடிப் போச்சு. அவ வூட்டுக்காரரு என்னப் பத்தி எதுனா சொன்னாரா?... சொல்லியிருப்பாரு. வுடு.

இங்க எல்லாம் நல்லாக் கீறோம். குப்பம்மா அஞ்சாங்கிளாசு படிக்கற பொண்ணு மாதிரியா கீறா? எனக்கு வந்து வாய்ச்ச மாமியாரு மாதிரி கீறா. நேத்து நான் களி கிண்டினேன்மே. உருண்ட புடிச்சு வெச்சேன். அவ அத்த எடுத்து நாய்க்குப் போட்டா. நாய் வந்து மோந்து பாத்துச்சு. பாத்துட்டு, அப்படியே தலையத் தூக்கி என்னப் பாத்துச்சு. அந்தப் பார்வ கீது பாரு... இருவது வருசமா கூத்துல கட்டியக்காரன் வேசம் கட்றேன், எத்தினியோ ஊர்ல காறித் துப்பியிருக்கறான், ஒருத்தன் கூட என்ன அப்படிப் பாத்ததில்ல...

சிரிக்க மாட்டியா?... சரி. அது ஒன்னும் அவ்ளோ நல்லா இல்லதான்.

இரு இரு, ரங்கசாமி சாரு பக்கத்துலயே உக்காந்துனு கீறாரு. ஸ்டாம்பு எண்றாரு. நான் வந்ததுலேர்ந்து அதே பத்து ஸ்டாம்பதான் எண்றாரு, காது மட்டும் இந்தாண்ட கீது... சார், உங்கள ஒன்னும் சொல்லல சார். நீங்க எண்ணுங்க.

மொட்டை எப்படிக் கீறான்?... ம்?... காலு கட்டு அவுக்கலையே? அவுக்க மாட்டாங்க, பதினோரு நாளுதானே ஆவுது. மாட்டுக்கு எலும்பு ஒடைஞ்சாலே ஒரு மாசம் கட்டோட கெடக்கும். கரடிக்கு இன்னும் நாளாவும். களி துன்றானா? உன் கையால குடுத்தா துன்னாம இன்னா பண்ணுவான், துன்னுவான், துன்னுவான். அந்தக் கோபாலு தங்கமான மனுசன்மே. ஜூவுல வேல பாக்கறவன் எவன் ஒரு பட்டிக்காட்டுப் பொம்பளயப் பின்வாசல்ல வுட்டு, "வந்து ஊட்டும்மா"ன்னு சொல்லுவான்? அவருக்கு ஒரு படி தேன் எடுத்தாந்து குடுக்கணும். நான் கேட்டேன்னு சொல்லு...

பாத்தியா, நானே கேக்கறேன், நானே பதிலும் சொல்லிக்கறேன். கூத்துல கூட எனக்கு எதிர்ல ஒருத்தன் நின்னு பேசுவான்.

சரி, எப்ப வர்ற?... இல்ல, அவசரப்படுத்தல. சும்மா கேக்கறேன். புளி அப்படியே மரத்துல தொங்குதுமே. ஊரே உலுக்கி, தட்டி, கொட்ட எடுத்து, திருப்பத்தூரு மார்க்கெட்டுக்கு ஏத்தியாச்சு. நம்ப மரத்துல நானே ஏறி உலுக்கறேன், நானே எறங்கிப் பொறுக்கறேன், மறுபடி ஏறறேன். கொரங்கு வந்து பக்கத்துக் கெளையில உக்காந்து வேடிக்க பாக்குது...

குப்பம்மாவா? குப்பம்மா உன்னக் கேக்கல. கேக்கலன்னா, வாயால கேக்கல. முந்தாநாளு வானம் பாக்குற ஆபீசு வாட்ச்மேனாண்ட போயிருக்கறா. "இம்மாம் பெரிய கண்ணாடி வெச்சிருக்கீங்களே, பட்டணத்துல எங்கம்மா தெரியறாங்களா பாத்துச் சொல்லுங்க"ன்னு கேட்டிருக்கறா. அவரு, "பாப்பா, இது மேலதான் பாக்கும், கீழ திருப்ப முடியாது"ன்னுட்டாராம். மூஞ்சியத் தூக்கி வெச்சிக்கினு வந்தா. நான் சொன்னேன், "உங்கம்மா கோவத்துல மேலதான் ஏறிக் கெடக்கறா, நல்லாத் தேடச் சொல்லு"ன்னு. அதுக்கு என் மேல செம்பத் தூக்கி எறிஞ்சா. நெத்தியில ஒரு புடைப்பு கீது. வந்தா காட்றேன்...

அலோ... கீறியா?... கீறியா, சரி.

கோவமா?... இல்லன்னா இன்னா 'இல்ல'? அந்த மூடியத் தட்டுன விசயந்தானே? நீ வாயத் தொறந்து திட்டிடுமே. நீ திட்டலன்னா நானே என்னத் திட்டிக்க வேண்டியதா கீது. எனக்கு அதுல பழக்கம் பத்தல.

இல்லமே, நான் சொல்லிடறேன், நீ கேளு. பழைய ஜூவுல கம்பி இருந்துச்சு. மூணு வருசம் முன்னாடி போனமே, அப்ப கம்பிக்குள்ள கைய வுட்ட. அவன் உன் கையப் புடிச்சுக்கினு வுடவே இல்ல, பெல்லு அடிச்சு எல்லாரையும் வெளிய தொரத்தற வரைக்கும் வுடல. அத்த நெனச்சிக்கினுதான் நீ போன. குப்பம்மா கூட புதுப் பாவாட கட்டிக்கினு வந்தா, அவனாண்ட காட்டணும்னு. போனா, எல்லாத்தையும் புதுசு பண்ணி வெச்சிருக்கறாங்க. கம்பி இல்ல. நல்லாத்தான் பண்ணியிருக்கறாங்க, நான் குத்தம் சொல்லல. பாறை கீது, மரம் கீது, தண்ணி கீது, அவன் பாட்டுக்கு ராஜா மாதிரி படுத்துனு கீறான். நடுவுல பள்ளம். இந்தாண்ட நம்ப, அந்தாண்ட அவன். நீ பள்ளத்தப் பாத்த, அவனப் பாத்த, உன் கையப் பாத்த. நான் அத்தப் பாத்தேன்மே.

அப்பால நீ கூப்ட்ட, "மொட்ட... மொட்ட"ன்னு. அவன் திரும்பல. கூட்டத்துல ஒருத்தன், சபாரி சட்ட போட்டவன், "ஒடம்பு பூரா முடி, பேரு மொட்டையாம்"னான். எல்லாம் சிரிச்சாங்க. "உங்க சொந்தக்காரனாம்மா"ன்னான் இன்னொருத்தன். அதுக்கும் சிரிச்சாங்க. உன் மூஞ்சி சுண்டிப் போச்சு. அவனுங்களுக்கு இன்னா தெரியும்? காட்டுல தீ வெச்சப்ப முடியெல்லாம் பொசுங்கி, மொழுமொழுன்னு வந்து நம்ப படலாண்ட கெடந்தான்னு தெரியுமா? நம்ப பையனுக்குக் குலசாமியாண்ட மொட்ட போடறதா வேண்டிக்கினு, போடறதுக்குள்ள அவன் போய்ட்டான், அடுத்த வருசம் வந்து சேந்தவன் இவன்னு தெரியுமா?...

இரு, இரு. சொல்லிடறேன்.

எனக்கு ரோசம் வந்துடுச்சு. சிரிக்க வெக்கறது என் தொழிலு, என் பொண்டாட்டிய வெச்சி இவனுங்க எப்படிச் சிரிக்கலாம்? டிபன் கேரியர் மூடிய எடுத்தேன், கரண்டிய எடுத்தேன். நீ வூட்ல சாயந்தரம் அவனக் களிக்குக் கூப்பிடுவியே, மூணு அடி, நிறுத்தி, ரெண்டு அடி. அதே மாதிரி அடிச்சேன். அவன் மூக்கத் தூக்கினான். எழுந்தான். ரெண்டாவது வாட்டி அடிச்சேன். ஓடி வந்தான்மே! கூட்டம் பூரா கை தட்டிச்சு. நான் இன்னா பண்ணேன்? கூத்துல கை தட்டுனா பண்ணுவனே, அப்படிக் குனிஞ்சு வணக்கம் வெச்சேன்.

குனிஞ்சு நிமிர்றேன், அவன் இல்ல.

இவ்ளோதான். அதுல அத்தினி நாளா சுத்தி வர்றவன், பள்ளம் கீதுன்னு அவனுக்குத் தெரியாதா? தெரியும். சோத்துக்குக் கூப்ட்டா நம்ப மலையில பள்ளம் கெடையாதே. நேரா வருவான். நேராத்தான் வந்தான்... நீ பள்ளத்தாண்ட உக்காந்து அவன் பேரச் சொல்லிக் கத்துன. நான் மூடியக் கையில வெச்சிக்கினு நின்னேன். குப்பம்மா என் கையிலேர்ந்து அத்தப் புடுங்கிக் கீழ வெச்சா. பொண்ணுக்குத் தெரிஞ்சது எனக்குத் தெரியல...

அழறியா?... அழுவாத. அழுதா பாயி பயந்துக்குவாரு.

அலோ... இன்னாம்மா? மூணு நிமிசமா? ஆயிடுச்சா? நீட்டும்மா, நீட்டும்மா. கட் பண்ணிடாத... ஆமா, ஆமா, இன்னொரு மூணு.

பாஞ்சால, கீறியா?... சரி. நான் ஒன்னு சொல்லணும். அதுக்குத்தான் கால் போட்டேன். மீதியெல்லாம் சும்மா முன்னாடி அடிக்கற மத்தளம்... இரு.

சார், கொஞ்சம் வெளிய போய் நிக்கறீங்களா? இல்ல, வேணாம், நீங்க இருங்க. உங்களுக்குத் தெரியாதது ஒன்னும் இல்ல. நீங்கதானே எழுதிக் குடுத்தீங்க...

பாஞ்சால. மொட்டைய ரேஞ்சரு வந்து கூண்டு வண்டியில ஏத்திக்கினு போனாரே. "எந்தப் பாவி போய்ச் சொன்னானோ, அவன் வூடு வெளங்காது"ன்னு மண்ண வாரித் தூத்துனியே. நானும் பக்கத்துல நின்னு "வெளங்காது, வெளங்காது"ன்னு சொன்னேன்... அது வெளங்காமத்தான் கீது. அது நம்ப வூடுதான்மே. நான்தான் மனு குடுத்தேன். ரங்கசாமி சாரு எழுதினாரு, நான் கை நாட்டு வெச்சேன். "கரடி வளர்ந்து போச்சு, கொழந்த கீற வூடு, எடுத்துக்கினு போங்க"ன்னு...

...

இன்னாது?... இன்னா சொன்ன?

தெரியுமா?

எப்பத்துலேர்ந்து?... அன்னைக்கேவா?... கட்டவிரல்ல மையா? நான்தான் அன்னைக்கு ரேசன் கார்டுக்குக் கை நாட்டு வெச்சேன்னு சொன்னனே... கார்டு உன் தலகாணிக்கு அடியிலயா இருந்துச்சு?...

அடிப்பாவி. நான் ஆத்து மணல்ல தேச்சி, புளி போட்டுத் தேச்சி, மூணு நாளு விரல மடக்கிக்கினு சுத்தினேன். தெரிஞ்சா வெச்சிக்கினு இருந்த? நாலு வருசமா? தெரிஞ்சுக்கினேவா எனக்குச் சோறு போட்ட? கால் சுளுக்குனப்ப எண்ண போட்டு நீவி வுட்டியே, அப்பக் கூடவா தெரியும்?... ஏன்மே கேக்கல? ஒரு வார்த்த கேட்டிருந்தா நான் அன்னைக்கே...

ம்... ம்... ஆமா. நான் சொல்லணும்னு இருந்தியா.

இப்ப சொல்லிட்டேன். நாலு வருசம் லேட்டு. அரசாங்க பஸ்ஸு கூட அவ்ளோ லேட்டா வந்ததில்ல.

ஏன் பண்ணேன்னு கேளு... கேக்கலன்னாலும் சொல்றேன். குப்பம்மா தோள்ல அவன் நெகம் பட்டுச்சே, அதுக்குப் பயந்துதான்னு மனுவுல எழுதுனோம். அது பாதிதான். மீதிப் பாதி எந்த மனுவுலயும் எழுத முடியாது. பையன் போனப்புறம் நீ ஒரு வருசம் சிரிக்கலமே. நான் பண்ணாத சேட்டையா? ஊருக்கெல்லாம் ஒரு ராத்திரி வேசம், உனக்கு மட்டும் வருசம் பூரா ஆடுனேன். பொடவையக் கட்டிக்கினு ஆடுனேன், ரேஞ்சரு மாதிரி நடந்து காட்டுனேன், செவுத்துல முட்டிக்கினேன். நீ கூழக் கரைச்சிக்கினே இருந்த. அப்பால இவன் வந்தான். வந்த மூணாம் நாளு கூழ்ப்பானையில தலைய வுட்டு, எடுக்கத் தெரியாம, பானையோட வூடு பூரா முட்டிக்கினு ஓடுனான். நீ சிரிச்ச. கண்ணுல தண்ணி வர்ற அளவுக்குச் சிரிச்ச.

நானும் சிரிச்சேன். சந்தோசமாத்தான் இருந்துச்சு, சத்தியமா. ஆனா உள்ள ஒரு ஓரத்துல... ஒரு கரடி வந்து ஒரே நாள்ல என் வேலயப் புடுங்கிக்கினு போய்டுச்சுமே. அத்தினி வருசம் வேசம் கட்டுனவனுக்கு அது எப்படி இருக்கும்? அதுக்கப்புறம் சாயந்தரம் மொதத் தட்டு அவனுக்கு. ரெண்டாவது குப்பம்மாவுக்கு. மூணாவதுதான் எனக்கு. நீ மூடியத் தட்டுவியே, அந்தச் சத்தத்துக்கு நானும்தான் ஓடி வருவேன். நீ பாக்கல...

கரடி மேல பொறாமப்பட்ட ஒரே ஆம்பள இந்த மலையில நான் ஒருத்தன்தான். சொல்லிட்டேன். அவ்ளோதான்.

கேளு. நாளைக்கு மொத பஸ்ஸப் புடிச்சு வர்றேன். குப்பம்மாவையும் கூட்டிக்கினு வர்றேன். அந்தக் கோபாலாண்ட சொல்லி என்னையும் பின்வாசல்ல வுடச் சொல்லு. அவன் காலாண்ட உக்காந்து, "மொட்ட, நான்தான்டா. ரெண்டு வாட்டியும் நான்தான்டா"ன்னு சொல்லிடறேன். அவன் கடிச்சாக் கடிக்கட்டும். உன் கையால நீ களி ஊட்டு, நான் தட்டப் புடிச்சிக்கறேன். அவன் எழுந்து நடக்கற வரைக்கும் அங்கயே இருப்போம். புளி போனாப் போவுது, கொரங்கு உலுக்கிக்கும்...

ம்?... இன்னாது?... கேக்கல, கொஞ்சம் சத்தமா...

...

எப்போ?

விடிகாலையிலயா?... இன்னைக்கா?...

நீ பக்கத்துல இருந்தியா?... உன் கையிலயா?... களி துன்னானா?... தண்ணி?... தண்ணி குடிச்சானா. ஆங். நல்லது. தண்ணி குடிச்சான். நல்லது...

அதான் பாயி கடையில... அதான் பாயி சிரிக்கல...

ஏன்மே? போன எடுத்த ஒடனே ஏன் சொல்லல? நான் பைத்தியக்காரன் மாதிரி கொரங்கு, நாயி, புடைப்புன்னு... "துன்றானா, துன்னுவான்"னு நானே சொல்லிக்கினு... நீ அத்தயெல்லாம் கேட்டுக்கினே இருந்தியா?... ஏன்?

...

பேசட்டும்னு வுட்டியா... என் குரல் கேக்கணும்னா...

இரு. எனக்கு... இரு. ரங்கசாமி சாரு தண்ணி குடுக்கறாரு. ஸ்டாம்பு எண்றத நிறுத்திட்டாரு.

ஆங், சொல்லு... கோபாலு முடியக் கத்திரிச்சுக் குடுத்தாரா? நீ கேட்டியா?... எங்கேர்ந்து, கழுத்தாண்டயா?... ஆமா, அங்கதான் முடி நீளம். முந்தானையில கட்டி வெச்சிருக்கியா. பத்திரமா வெச்சிக்கோ. குலசாமியாண்ட போவலாம். ஒரு முடி பாக்கி கீதே நமக்கு, இத்தக் குடுத்துட்டு வருவோம். சாமி கேட்டா நான் சொல்லிக்கறேன், "ரெண்டும் எங்க பையனுதுதான்"னு...

வரட்டா? வந்து கூட்டிக்கினு வரட்டா?... தனியா வர மாட்டியா?... வர்றேன். வர்றேன்மே. மூடியா? எடுத்தார மாட்டேன். அத்த இனி எப்பவும் தட்ட மாட்டேன்...

அலோ... ஆமாம்மா, கீறோம்... பேசறோம்மா, பேசறோம்... சத்தம் வரலன்னா லைன்ல ஆள் இல்லன்னா அர்த்தம்? ரெண்டு பேரும் அழுதுக்கினு கீறோம்மா. ரெண்டு பக்கமும் ஆள் கீது... இன்னொரு மூணு நிமிசம் நீட்டும்மா... லைன் கேக்கறாங்களா? முடிஞ்ச வரைக்கும் நீட்டு. உன் காலப் புடிக்கறேன்.

பாஞ்சால... கீறியா?... நானும் கீறேன்...

இன்னாது?... நாயா?... எந்த நாயி?... ஆமா, பாத்துச்சு. அப்படித்தான் பாத்துச்சு... இப்பவா? இப்பச் சொல்லணுமா?... எனக்குச் சொல்ல வரலமே... சரி. சரி. சொல்றேன், அழுவாத, சொல்றேன்.

நேத்து... நேத்து நான் களி கிண்டினேன்மே... உருண்ட புடிச்சு வெச்சேன்... குப்பம்மா அத்த எடுத்து நாய்க்குப் போட்டா... நாயி வந்து மோந்து பாத்துச்சு... பாத்துட்டு... அப்படியே தலையத் தூக்கி... அலோ... பாஞ்சால... சிரிக்கறியா, அழறியா, ஒன்னும் தெரியல இங்க... அலோ... தலையத் தூக்கி என்னப் பாத்துச்சுமே... அலோ...